எட்டாவது கல்லுக்கால்

போன ஞாயித்துக்கிழமை நம்ம பழனிசெட்டிபட்டி மாடி ஹாலுல நாம ஆறு பேரும் வரிசையா உக்காந்து, ஆளுக்கொரு தாளும் பேனாவுமா அந்தப் பொண்ணைச் சோதிச்சோமே, அதைப் பத்தித்தான் எழுதுறேன். வாயால சொன்னா நடுவுல பேசுவீக. நாம எல்லாரும் அறுபதைத் தாண்டிட்டோம், ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் கேக்குற பழக்கம் போயி ரொம்ப நாளாச்சு. அதுனால எழுதிக் குடுக்கிறேன். வீட்டுல வச்சுப் படிங்க.

அந்தப் பொண்ணு கம்பமெட்டுக்கு மேல ஏலத்தோட்டத்துல பிறந்து வளந்தது. இப்ப இங்கன மில்லுல வேலை பாக்குது. ஆறு மாசமா நாம நடத்துற சீஷத்துவ வகுப்புக்கு வருது. ஞானஸ்நானம் வேணும்னு அதுவா வந்து கேட்டுச்சு, நாம யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலை. பத்துக் கட்டளையைச் சொல்லச் சொன்னோம். நாலு சொல்லுச்சு. அஞ்சாவது கட்டளை, தாயையும் தகப்பனையும் பத்தினது, அதுக்கு வந்ததும் வாயை மூடிக்கிட்டு நின்னுச்சு. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு, ஆறுல இருந்து பத்து வரைக்கும் கடகடன்னு சொல்லி முடிச்சிருச்சு. நீங்க அஞ்சு பேரும் 'மனப்பாடம் நிறைவில்லை'ன்னு எழுதுனீக. நான் ஒண்ணும் எழுதலை. வர்ற ஞாயிறு ஞானஸ்நானப் பேர்ப்பட்டியல் போதகர் ஐயா கைக்குப் போகுது. அதுக்குள்ள உங்ககிட்ட இதைச் சொல்லியாகணும்.

அதே தாள்ல அடியில இன்னொரு கட்டம் இருந்துச்சு. இதுவரை எத்தனை பேரை விசுவாசத்தில் வளர்த்திருக்கிறீர்கள்னு கேட்டு. நீங்க பத்து, பதினேழுன்னு போட்டீக. நான் அதையும் வெறுமனே விட்டேன். பணிவுன்னு நினைச்சு, பக்கத்துல இருந்த மதினி என் முழங்கையைத் தட்டிக் குடுத்தாக. பணிவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதல்முதலா என்னை நம்பிக் குடுத்த ஒரு ஆளை நானே வாசல்ல நிறுத்தினேன். எனக்கு அப்பப் பதிமூணு முடிஞ்சு பதினாலு நடக்குது.

எங்க ஊரு, காமயகவுண்டன்பட்டிக்குப் போற டவுன் பஸ்ஸுல வழியில இறங்கணும். எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைப் பந்தல். எங்க அம்மா சபைப் பள்ளிக்கூடத்துல டீச்சர். சபை சின்னது, அம்பது குடும்பம் இருந்தா அதிகம். பேராயர் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவாக. அவுக வர்ற அன்னைக்குத்தான் புதுசா வந்த பெரியவுகளுக்கு ஞானஸ்நானம், எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல். அது ஆனவுகதான் அப்பமும் திராட்சை ரசமும் குடுக்கிற திருவிருந்துப் பந்தியில சேரலாம். மத்தவுக பிரசங்கம் முடிஞ்சதும் எந்திரிச்சு வெளிய போயிரணும்.

சபையை அன்னாடம் பாத்துக்கிட்டது எங்க உபதேசியார், அவுக ஒரு வழக்கம் வச்சிருந்தாக. தோட்டந்தொரவுல பாடுபடுற பெரியவுகளுக்கு எழுத்துத் தெரியாது, வகுப்புக்கு வர நேரமும் கிடையாது. அதுனால படிக்கத் தெரிஞ்ச பிள்ளை ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெரியவுகளைப் பிரிச்சுக் குடுப்பாக. கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, மூணையும் அந்தப் பிள்ளை போயி அவுக வாயில ஏத்தணும். பாடம் ஏத்துறதுன்னே அதுக்குப் பேரு. கடைசியில சபை முன்னால அந்தப் பிள்ளை எந்திரிச்சு, இவுகளுக்குப் பாடம் முழுசா வந்திருச்சு, நான் சாட்சின்னு சொல்லணும். பிள்ளை சொல்ற சாட்சிதான் செல்லும். பெரியவுகன்னா முகம் பாத்துச் சலுகை காட்டுவாகளாம், பிள்ளைக காட்டாதுகளாம். உபதேசியாருக்கு இதுல ரொம்பப் பெருமை. நல்ல மனுசர்தான், குறை சொல்லலை. ஆனா சலுகைன்னா என்னன்னே தெரியாத வயசுல இருக்கிற எங்க கையில போயி கோயில் சாவியைக் குடுத்திருக்காகளேன்னு இப்பத் தோணுது.

அந்த வருசம் தைப் பொங்கலுக்கு அடுத்த வாரம் உபதேசியார் பேரு வாசிச்சாக. எனக்குப் போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் வரும்னு நான் காத்திருந்தேன். அவுக வீட்டுல ரேடியோ உண்டு, முறுக்கு உண்டு. எனக்கு வந்தது தோட்டத்து அத்தை. எனக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. அம்மா என் தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனாக.

தோட்டத்து அத்தைன்னு நாங்க கூப்பிட்டது, ரோட்டை ஒட்டின பெரிய திராட்சைத் தோட்டத்துல கூலி வேலை பாத்தவுகளை. நாப்பது வயசு இருக்கும். புருசன் இல்லை. ஒரே மக, அம்மாகிட்ட மூணாவது படிச்சுக்கிட்டு இருந்தப்ப காய்ச்சல்ல போயிருச்சு. துட்டி கேக்க அம்மாவும் உபதேசியாரும் போயி, அவுக பக்கத்துல ரொம்ப நேரம் உக்காந்திருந்துட்டு வந்தாகளாம். அடுத்த ஞாயிறே அத்தை கோயிலுக்கு வந்துட்டாக. அதுல இருந்து ஆறு வருசம், ஒரு ஞாயிறு தவறினதில்லை. பேராயர் முந்தி வந்த தடவைக எல்லாம் பாடம் படிக்க நேரம் வாய்க்காம ஞானஸ்நானம் தள்ளிப் போச்சு. மாசத்து முதல் ஞாயிறும், பேராயர் வர்ற ஞாயிறும் திருவிருந்து. பிரசங்கம் முடிஞ்சதும் அவுக எந்திரிச்சு, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கிட்டு, பக்கத்து வாசல் வழியாப் போயி புங்கமரத்தடியில உக்காருவாக. அங்கனதான் எல்லாருடைய செருப்பும் கிடக்கும்.

இதுல என்ன கொடுமைன்னா, உள்ள பாத்திரத்துல இருந்த திராட்சை ரசத்துக்குப் பழம் கொண்டாந்து குடுக்கிறதே அவுகதான்.

ரசம் காய்ச்சுறது எங்க வீட்டுல. முதல் ஞாயித்துக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் அம்மா தலைக்குக் குளிச்சுட்டு அடுப்புப் பத்த வைப்பாக. பன்னீர்த் திராட்சையைக் கழுவி, சட்டியில போட்டு மத்தால நசுக்கி, சக்கரை போட்டு, ரெண்டு கிராம்பு போட்டு, நுரை அடங்குற வரைக்கும் காய்ச்சுவாக. பழைய மல்லு வேட்டித் துணியில வடிகட்டி, ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பீங்கான் ஜக்குல ஊத்தி மூடி வைப்பாக. அந்தச் சக்கையைச் சக்கரையோட திங்கிறது என் பாத்தியதை. வீடு பூரா அந்த வாசம் நிக்கும். அந்த ஜக்கு எங்க போச்சுன்னு தெரியலை. வீடு மாத்துனப்ப பழைய சாமான்காரன்கிட்டப் போயிருக்கும்.

சனிக்கிழமை காலையில அத்தை பின்வாசல்ல வந்து நிப்பாக. துண்டை அவிழ்த்தா உள்ள கருகருன்னு கொத்துக, ஒரு பழம் வெடிச்சிருக்காது. தோட்டத்துல அறுப்பு முடிஞ்சதும் வெடிச்சது, வெம்பினதைக் கழிச்சுப் போடுவாக. கழிவை வேலையாளுக எடுத்துக்கலாம். நல்ல கொத்து எல்லாம் பெட்டியில போயிரும். அம்மா கேட்டது கழிவைத்தான்.

"கழிச்சது போதும்னுதானே சொன்னேன். என்ன இம்புட்டு நல்ல கொத்தாக் கொண்டாந்திருக்கீக?"

"சாமி பந்திக்குக் கழிவையா குடுப்பாக டீச்சரு?"

அம்மாவுக்குக் கண்ணு கலங்கிரும். பெண்கள் கூட்டத்துல இதைச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாக. ஆனா யாரைக் கேட்டு அறுத்தீகன்னு ஒரு வார்த்தை கேக்கலை. ஆறு வருசம் கேக்கலை. சக்கையைத் தின்ன நானும் கேக்கலை.

"இந்தத் தடவ புளிப்புத் தட்டும் டீச்சரு. மழை விழுந்துபோச்சு, சக்கரையைக் கொஞ்சம் கூடப் போடுங்க" அப்படின்னு யோசனை வேற சொல்லிட்டுப் போவாக. ஒரு சொட்டு அவுக நாக்குல பட்டதில்லை.

பள்ளிக்கூடம் விட்டு நான் தோட்டத்துக்குப் போவேன். திராட்சைப் பந்தலுக்குள்ள போனவுகளுக்குத் தெரியும், நிமிந்து நடக்க முடியாது. கல்லுக்கால் நட்டு, மேல கம்பி இழுத்து, கொடி அடைஞ்சு கிடக்கும். உள்ள வெளிச்சமே பச்சையா இருக்கும். மருந்தடிச்ச மயில்துத்தம் இலையில எல்லாம் நீலமாப் படிஞ்சிருக்கும், மூக்குல ஒரு துவர்ப்பு ஏறும். அத்தை விரலு பூரா அந்த நீலம்தான். ஞாயித்துக்கிழமை எவ்வளவு தேச்சுக் கழுவினாலும் நகக்கண்ணுல நிக்கும். கையில கத்தரியோட கொத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுவாக.

"வாங்க சின்ன டீச்சரு. இன்னைக்கு எதை ஏத்தப் போறீக?"

கேலிதான். எனக்குக் கேலின்னு தெரியாது. நான் நாப்பது பக்க நோட்டுல கோடு போட்டு, வந்ததுக்கு எல்லாம் நீலப் பென்சில்ல குறி போட்டேன். ஜெபம் ஒரு வாரத்துல வந்துருச்சு. பிரமாணம் ரெண்டு வாரம். பத்துக் கட்டளைக்கு அவுகளே ஒரு வழி கண்டுபிடிச்சாக. அவுக அறுக்கிற வரிசையில பத்துக் கல்லுக்கால் நின்னுச்சு, பத்தாவதோட பந்தல் முடிஞ்சிரும். ஒரு காலுக்கு ஒரு கட்டளை. முதல் காலைத் தொட்டு ஒரே சாமியைச் சொல்லுவாக. நாலாவதுல ஓய்வுநாள். அஞ்சாவதுல ஆத்தா அப்பன். இப்படி ஒவ்வொரு காலாத் தொட்டுத் தொட்டு, குனிஞ்சபடி நடந்து, பத்தாவதுல போயி நிமிருவாக. நாலே நாள்ல பத்தும் வந்துருச்சு. நான் பத்துக்கும் குறி போட்டேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். வாயில ஏத்து, அர்த்தம் பிறகு பாத்துக்கலாம்னுதான் உபதேசியார் சொன்னாக. எனக்குத்தான் பிரசங்க ஆசை. எட்டாவது கல்லுக்கால்ல சாஞ்சு நின்னுக்கிட்டு, களவைப் பத்தி விளக்கம் குடுத்தேன்.

"அடுத்தவுக பொருளைக் கேக்காம எடுத்தா களவுதான் அத்தை. ஒத்தைப் பழமா இருந்தாலும் களவுதான். நல்ல காரியத்துக்குன்னு எடுத்தாலும் களவுதான்."

கத்தரி நின்னுபோச்சு. "நல்ல காரியத்துக்குன்னா கூடவா?"

"கூடத்தான்."

"எடுத்தாச்சுன்னு வையி. இனி என்ன பண்றது?"

"உடையவுககிட்டப் போயிச் சொல்லணும். சொல்லாத வரைக்கும் அது கழுத்துலதான் தொங்கும்."

இதைச் சொல்லும்போது என் வாயில ரெண்டு திராட்சைப் பழம் இருந்துச்சு. நான் யாரைக் கேட்டும் பறிக்கலை. அது எனக்கு இத்தனை வருசம் கழிச்சுத்தான் உறைச்சுச்சு, என்னத்தைச் சொல்ல.

மறுநாள் அத்தை ஏழாவது காலைத் தொட்டாக. எட்டாவதுகிட்ட வந்ததும் கையைத் தூக்கலை. அங்கனயே நின்னாக. பிறகு ஒம்பதாவதுக்குப் போயிட்டாக.

"எட்டாவது விட்டுப்போச்சு அத்தை."

"தெரியும். அது இப்ப வேணாம் சின்ன டீச்சரு."

நான் மறந்துட்டாகன்னு நினைச்சேன். பள்ளிக்கூடத்துல எங்களுக்குச் செய்யிற மாதிரி அம்பது தடவை சொல்லச் சொன்னேன். நாப்பது வயசு மனுசியை. சிரிச்சாக. ஒரு வாரம் இப்படியே போச்சு. நான் கோவிச்சுக்கிட்டு எட்டாவதுக்குப் போட்டிருந்த குறியை ரப்பர் வச்சு அழிச்சேன், அவுக பாக்கும்படியாவே அழிச்சேன். ஏன் அத்தை சொல்ல மாட்டேங்கிறீகன்னு மட்டும் கேக்கலை. தெரியலைன்னா வராது, வரலைன்னா தெரியாது, அவ்வளவுதான் என் படிப்பு.

அந்த மாசம் ரசம் காய்ச்சுற சனிக்கிழமை பின்வாசல்ல யாரும் வரலை. அம்மா மத்தியானம் வரைக்கும் எட்டி எட்டிப் பாத்துட்டு, கம்பத்துல இருந்து உலந்த திராட்சை வாங்கியாரச் சொல்லி அதை ஊற வச்சுக் காய்ச்சுனாக. "ஞானஸ்நானம் வாங்குறதுக்கு முந்தியே பவிசு வந்துருச்சு பாரு" அப்படின்னாக. நானும் ஆமான்னேன். எட்டாவது கட்டளை வராத கதையையும் சேத்துச் சொன்னேன். ரெண்டு பேரும் உக்காந்து ஒரு நல்ல மனுசியை அடுப்படியில வச்சே அளந்து முடிச்சுட்டோம்.

நாங்க அறியாதது என்னன்னா, தோட்டக்காரர் தம்பியை மதுரை ஆஸ்பத்திரியில சேத்துட்டு அங்கனயே கிடந்தாரு. மூணு வாரமாத் தோட்டத்துப் பக்கம் வரலை. அத்தை தினமும் வரப்பைப் பாத்துக்கிட்டே இருந்திருக்காக, கடைசியில திங்கக்கிழமை வர்றாருன்னு சேதி வந்திருக்கு.

பேராயர் வர ஒரு வாரம் இருந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமை சபை முன்னால சாட்சி. ஒவ்வொரு பிள்ளையா எந்திரிச்சு, முழுசா வந்திருச்சுன்னு சொல்லிச்சு. என் முறை வந்துச்சு. அத்தை என் பக்கத்துல நின்னாக. வெளுத்த சேலை, எண்ணெய் வச்ச தலை.

"பாடம் முழுசா வந்திருச்சா?" உபதேசியார் கேட்டாக.

"எட்டாவது கட்டளை வராது ஐயா" அப்படின்னேன். குரல் கணீர்னு வந்துச்சு. அன்னைக்கு அம்மா மூஞ்சியில இருந்த பெருமை எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. தான் பாடம் ஏத்துன ஆளுன்னும் பாக்காம உண்மையைச் சொன்ன பிள்ளையாம்.

உபதேசியார் அத்தைகிட்டத் திரும்பினாக. "சொல்லுங்கம்மா, எட்டாவது மட்டும் சொல்லுங்க."

அத்தை தரையைப் பாத்தாக. "நாளைக்குச் சொல்றேன் ஐயா. ஒரே ஒரு நாள் குடுங்க. நாளைக்கு வந்துரும்."

பின்னால யாரோ சிரிச்சாக. ஆறு வருசமா வராதது ஒரு நாள்ல வந்துருமான்னு ஒருத்தர் முணுமுணுத்தாரு. பட்டியல் இன்னைக்கே போகணும்னு சொல்லி உபதேசியார் பென்சிலால பேரை அடிச்சாக. கோபமா அடிக்கலை, வருத்தத்தோடதான் அடிச்சாக. அடிச்சது அடிச்சதுதானே.

நான் பொய் சொல்லலை. அதுதான் என்னை இன்னும் அரிக்குது. பொய் சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டு முடிச்சிருப்பேன். ஐயா, அவுகளுக்குத் தெரியும், என்னமோ காரணம் இருக்கு, ஒரு நாள் பொறுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். அவுகளுக்குன்னு பேச அந்தக் கோயில்ல என்னைத் தவிர ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை நோட்டை வாங்கிட்டு வரலாம்னுதான் தோட்டத்துக்குப் போனேன். பாட நோட்டை அவுக வீட்டு மாடத்துல விட்டுட்டு வந்திருந்தேன். அத்தை வரிசைத் தலைமாட்டுல எனக்காகக் காத்திருந்தாக. கையில கத்தரி இல்லை. நேரா முதல் காலைத் தொட்டாக. ஏழு வரைக்கும் வந்தாக. எட்டாவது கல்லுக்காலை உள்ளங்கையால அழுத்தி, கட்டளையை நிதானமா, ஒரு எழுத்து விடாமச் சொன்னாக. பத்தாவதுல போயி நிமிந்தாக.

"இப்பக் குறி போட்டுக்க தாயி."

பிறகுதான் சொன்னாக. திங்கக்கிழமை தோட்டக்காரர் வந்ததும் நேராப் போயி நின்னிருக்காக. ஆறு வருசமா மாசத்துக்கு ஒருக்கா உங்களைக் கேக்காம நல்ல கொத்தா அறுத்து எங்க சாமி பந்திக்குக் குடுத்தேன், களவுன்னு அப்பத் தோணலை, இப்பத் தோணுதுன்னு சொல்லியிருக்காக.

"என்ன சொன்னாரு அத்தை?"

"சாமிக்குன்னு கேட்டா நான் இல்லைன்னா சொல்லுவேன், கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனேன்னாரு. பிறகு, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காக, உன்னை வச்சிருந்தா நாளைக்கு எவனை நான் கேக்க முடியும், சனிக்கிழமையோட நின்னுக்கன்னாரு. அவரு சொல்றதும் சரிதான்."

"வேலை போச்சா?"

"போச்சு. மேல ஏலத்தோட்டத்துக்குப் போறேன். கூலியாளுக லயத்துல ஒரு வீடு தர்றாகளாம்." பிறகு என் தலையில கையை வச்சாக. "கழுத்துல தொங்குனது போயிருச்சு சின்ன டீச்சரு. நீ சொன்ன மாதிரியேதான்."

நான் ஓட்டமா வீட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தாக. முறத்தைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போயி கதவைச் சாத்துனாக. பட்டியல் போயிருந்தாலும், பேராயர் வர்ற வரைக்கும் பேரைச் சேக்க இன்னும் நாளிருந்துச்சு. அம்மா உபதேசியார் வீட்டுக்குப் போயி நடந்ததைச் சொல்லியிருந்தா அத்தைக்கு அந்த ஞாயிறே ஞானஸ்நானம் ஆகியிருக்கும்.

"இதை வெளிய மூச்சு விடாத" அப்படின்னாக. "ஆறு வருசம் சபையே குடிச்சிருக்கு. யாரு வாங்குனா, யாரு காய்ச்சுனான்னு கேப்பாக."

அம்மா கெட்டவுக இல்லை. பயந்துட்டாக. டீச்சர்ங்கிற பேரை வச்சுத்தான் அந்த ஊருல நாங்க நிமிந்து நடந்தோம். இது எனக்கு இப்பப் புரியுது. அப்ப எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான், வாயை மூடிக்கிட்டா என் திடப்படுத்தலும் ஒழுங்கா நடக்கும். மூடிக்கிட்டேன். சபை முன்னால கணீர்னு வந்த குரல் உள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சு.

சனிக்கிழமை காலையில பின்வாசல்ல அத்தை. துண்டு நிறையக் கொத்து.

"இது கேட்டு வாங்குனது டீச்சரு. கடைசியா ஒரு தடவை சாமிக்குன்னு கேட்டேன். அவரே அறுத்துக் குடுத்தாரு."

அம்மா ரெண்டு கையாலயும் வாங்கினாக. உக்காருங்கன்னு சொன்னாக. வேலை கிடக்குன்னுட்டுப் போயிட்டாக. அன்னைக்கு அம்மா ரசம் காய்ச்சி ஜக்குல ஊத்துனாக. சக்கையைத் திங்கணும்னு எனக்குத் தோணலை, மாட்டுத் தொட்டியில கொட்டினேன்.

மறுநாள் வெள்ளைத் தாவணி கட்டிக்கிட்டு நான் பேராயர் முன்னால முழங்கால்ல நின்னேன். தலையில கை வச்சாக. போஸ்ட்மாஸ்டர் சம்சாரத்துக்கு ஞானஸ்நானம் ஆச்சு, இன்னும் மூணு பேருக்கு ஆச்சு. பிரசங்கம் முடிஞ்சுச்சு. அத்தை எந்திரிச்சு, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கிட்டு, பக்கத்து வாசல் வழியாப் போனாக. பந்தியில நான் நின்ன இடத்துல இருந்து பாத்தா புங்கமரம் தெரியும். செருப்புகளுக்கு நடுவுல உக்காந்து, மடியில கையை வச்சுக்கிட்டு, வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தாக. பாத்திரம் என் வாய்க்கு வந்துச்சு. இனிச்சுச்சு. அத்தை பழத்துல களவு இல்லாத முதல் ரசம் அதுதான், அதைக் கொண்டாந்தவுக வெளிய. நான் முழுங்கினேன். தொண்டையில நிக்கலை, இறங்கிருச்சு. நின்னிருக்கணும்.

திங்கக்கிழமை காலையில மலைக்கு ஆளேத்துற ஜீப்புல அத்தை போயிட்டாக. நான் பள்ளிக்கூடம் போற வழியில ஜீப்பைப் பாத்தேன். என்னைப் பாத்துக் கையாட்டினாக. நகக்கண்ணுல நீலம் தெரிஞ்சுச்சு. நான் நோட்டால முகத்தை மறைச்சுக்கிட்டேன். அதோட அம்மா ரசம் காய்ச்சுறதை விட்டுட்டாக. முழங்கால் வலின்னு காரணம் சொன்னாக. சாகுற வரைக்கும் அந்தப் பேச்சை எங்க வீட்டுல யாரும் எடுக்கலை.

இனி போன ஞாயிறுக்கு வர்றேன். நீங்க எல்லாரும் காபி குடிக்கப் போயிட்டீக. நான் அந்த மில்லுப் பொண்ணோட படியிறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். ஏன் அஞ்சாவதுல நின்னுச்சுன்னு கேக்கலை. அது அதுக்கும் அதைப் பெத்தவுகளுக்கும் உள்ளது. வேற ஒண்ணு கேட்டேன்.

"ஏத்தா, இப்படி நிக்கச் சொல்லி உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்க லயத்துல ஒரு அம்மா இருந்தாக டீச்சர். எழுத்துத் தெரியாது. லயத்துல வரிசையாப் பத்து வீடு. ஒரு வாசலுக்கு ஒரு கட்டளைன்னு தொட்டுத் தொட்டுச் சொல்லச் சொல்வாக. எந்த வாசல்ல மனசு உறுத்துதோ அங்க நின்னுரணும். பொய்யாச் சொல்லிட்டுத் தாண்டக் கூடாது. போயி அதைச் சரி பண்ணிட்டு வந்து சொல்லணும். அதுவரைக்கும் ஏன்னு யாரும் கேக்கக் கூடாது, காத்திருக்கணும்பாக."

எனக்கு நடை நின்னுபோச்சு.

"அவுக பந்தியில சேந்தாகளாத்தா?"

அது என்னை ஒரு மாதிரியாப் பாத்துச்சு. "என்ன டீச்சர் இப்படிக் கேக்குறீக? சேராமலா? ரசம் காய்ச்சுறதே அவுகதான். கீழ இறங்கிப் போயி தோட்டத்துக்காரங்ககிட்டக் கேட்டு வாங்கிட்டு வருவாக. சக்கரை போதுமான்னு முதல்ல குடிச்சுப் பாக்குறதும் அவுகதான். அவுக தவறி ஒம்பது வருசமாச்சு."

"அவுகளுக்கு யாரு சொல்லிக் குடுத்ததாம்?"

"கீழ ஒரு சின்ன டீச்சருன்னு சொல்வாக. பேரு சொன்னதில்லை. நல்லாச் சொல்லிக் குடுத்துச்சுன்னு மட்டும் சொல்வாக."

பஸ்ஸு வந்துருச்சு. என் கண்ணைப் பாத்துட்டு, தூசியா டீச்சர்னு கேட்டுச்சு. ஆமான்னேன். படியில கால் வச்சுட்டுத் திரும்பி அதுவாச் சொல்லுச்சு. "சனிக்கிழமை லீவு கேட்டிருக்கேன் டீச்சர். மேல போயி அப்பாவைப் பாத்துட்டு வந்துர்றேன். திங்கக்கிழமை வந்து அஞ்சாவதைச் சொல்லிர்றேன்."

நம்ம பட்டியல் ஞாயித்துக்கிழமை போகுது. நான் என் தாள்ல 'சாட்சி நான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். உங்க தாளை நீங்க என்ன பண்ணப் போறீகன்னு எனக்குத் தெரியாது. திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு மட்டும் கேக்குறேன். ஒரே ஒரு நாள். அன்னைக்கு அத்தை கேட்டதும் அவ்வளவுதான்.